மண்ணோடு ஒட்டப் போய்ச் சறுக்குகிற இடங்கள்

மெல்பர்னில் ஒரு சனிக்கிழமைப் பட்டறைக்கு நண்பர் இழுத்துக்கொண்டு போனார். 'பூர்வகுடி மரபில் மண்ணோடு இணைதல்' என்று விளம்பரம். இரண்டாவது மாடி, ஏசி ஹால், ஸ்பீக்கரில் டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல் ஊதுகருவி. கண்ணை மூடிக் காலுக்கடியில் பூமியை உணரச் சொன்னார்கள். என் காலுக்கடியில் நைலான் கார்ப்பெட்தான் இருந்தது. ஜன்னல் திரையை விலக்கியிருந்தால் யாரா ஆறு தெரிந்திருக்கும். கடைசிவரை யாரும் விலக்கவில்லை.

டிட்ஜெரிடூ ஆஸ்திரேலியாவின் வடகோடி மக்களின் கருவி. மெல்பர்ன் பக்கத்துப் பூர்வகுடிகளிடம் பாரம்பரியமாக அது கிடையாது. வெள்ளைக்காரர்கள் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. எல்லாவற்றையும் 'பூர்வகுடி மரபு' என்று ஒருமையில் சொல்வது, பாங்க்ரா ஆடிவிட்டு இதுதான் தென்னிந்தியக் கலை என்பது மாதிரி.

பட்டறைக்காரர் வாய்க்கு வாய் 'டடிரி' என்றார். சொல் நல்ல சொல். ஆனால் அதற்கு ஊர் உண்டு, ஆள் உண்டு. டார்வினுக்குத் தெற்கே டேலி ஆற்றங்கரையில் வாழும் ஙன்கிகுருங்குர் மக்களின் சொல் அது. 1988இல் அதை வெளியுலகுக்கு விளக்கிச் சொன்னவர் அவர்களில் ஒருவரான மிரியம்-ரோஸ் உங்குன்மெர். ஆசிரியர், ஓவியர். 2021இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த மூத்த குடிமகன் விருது பெற்றவர். ஆழ்ந்து கேட்பது, அசையாமல் விழித்திருப்பது என்று அதை விளக்குகிறார். எல்லா ஆஸ்திரேலியர்களுக்கும் இது பயன்படும் என்று அவரே சொல்லியிருப்பதால் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, சொன்னவரை விட்டுவிடுவதுதான் தப்பு. இன்னொன்று, இது இருபது நிமிட மூச்சுப்பயிற்சி இல்லை. அவர் பேசுவது காத்திருப்பதைப் பற்றி. மழை வர வேண்டும், ஆறு தன் போக்கில் ஓட வேண்டும், பருவம் திரும்ப வேண்டும். டைமர் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

உடம்பை அசைப்பது என்று வரும்போது தவறுகள் இன்னும் கூடும். பூர்வகுடிகளிடம் நடனம் ஏரோபிக்ஸ் இல்லை. ஓர் ஆட்டம் ஒரு குறிப்பிட்ட இடத்தின் கதையைச் சொல்லும். அதை ஆட இன்னாருக்குத்தான் உரிமை என்று இருக்கும். ஆண்களுக்கு மட்டுமானவை, பெண்களுக்கு மட்டுமானவை என்றும் உண்டு. யூடியூபில் பார்த்து, முகத்தில் காவிமண் பூசி ஆடுவது அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தில் நாம் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

ஏறுவதும் அப்படித்தான். கண்டத்தின் நடுவே இருக்கும் உலுரு என்ற பெரும் பாறைமேல் ஏற வேண்டாம் என்று அந்த மண்ணின் அனாங்கு மக்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஏறும் பாதை மூடப்பட்டதோ 2019இல், அதே தேதியில். மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி வாரங்களில் கியூ கட்டி ஏறினார்கள் மனிதர்கள்! பாறையைச் சுற்றி நடக்கப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், அங்கே போன் பைக்குள் போகட்டும். கல் எதையும் எடுத்து வராதீர்கள். எடுத்துப் போனவர்கள் பின்னால் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்துக் கல் என்று தெரியாமல் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. 'இதெல்லாம் நம்ம ஐந்திணையில் அப்பவே இருக்கு' என்று ஆரம்பிப்பது. நானும் ஆரம்பித்திருக்கிறேன். ஒப்பிடலாம்தான், ஆனால் வாயைத் திறந்ததும் கேட்பது நின்றுவிடுகிறது. தமிழ் விழா மேடைகளில் இன்னொரு குழப்பம். மண்ணின் மக்களுக்கு மரியாதை சொல்லித் தொடங்குவதை யாரும் செய்யலாம். அந்த மண்ணுக்கு 'வருக' என்று வரவேற்கும் உரிமை அந்த மக்களுக்கு மட்டும்தான்.

வீட்டுத் தோட்டத்தில் இலைகளை எரித்துப் பூர்வகுடிகளின் 'புகைச் சடங்கு' நடத்துகிறவர்களையும் பார்த்துவிட்டேன். சடங்கை நடத்த உரியவர்கள் வேறு. அதோடு, அரசு அறிவிக்கும் முழுத் தீத்தடை நாளில் தோட்டத்தில் நெருப்பு வைத்தால் சட்டப்படி குற்றம். கோடையில் ஆற்றோரப் புல்லில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம். விஷமுள்ள டைகர் பாம்பு இருக்கும்.

பிறகு என்னதான் செய்வது? நிற்கிற இடத்தின் பெயரிலிருந்து தொடங்கலாம். 1835இல் ஒரு நில அளவையாளர், கூட வந்த பூர்வகுடியினர் ஓடும் தண்ணீரைக் காட்டி 'யாரோ யாரோ' என்றதை ஆற்றின் பெயராக எழுதிக்கொண்டார். நமக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது! அப்படித்தான் யாரா வந்தது. இந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களுக்கு அது பிர்ராருங். 2017இல் விக்டோரியா இந்த ஆற்றுக்காக இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே அவர்கள் மொழி இருக்கிறது: பிர்ராருங்கை உயிரோடு வைத்திரு.

அதன் ஒரு வளைவுக்கு இப்போது வாராவாரம் போகிறேன், எப்போதும் அதே வளைவுக்கு. முதல் சில மாதங்கள் ஐந்து நிமிஷத்தில் கை தானாக போனுக்குப் போகும். ஆகஸ்டில் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்து, உதிர்ந்த பூ தண்ணீரில் மஞ்சள்தூள் கொட்டினாற்போல மிதப்பதை இரண்டாம் வருஷம்தான் கவனித்தேன். செப்டம்பரில் போனால் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டியிருக்கும் சமயம், பின்னாலிருந்து வந்து மண்டையில் கொத்தும்.