பட்டாவைத் தேடாதீர்கள்: சிறார் வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் உதகையில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வாசலில், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயிடம் ஓர் இளம் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஜாமீனுக்கு யார் இருக்கிறார்கள் அம்மா? பட்டா, வீட்டு வரி ரசீது ஏதாவது உண்டா?" தேயிலைத் தோட்டம் தொழிலாளர்களுக்குத் தந்த வரிசை வீட்டில், அதாவது லைன் வீட்டில், குடியிருப்பவரிடம் பட்டா ஏது? 2017-இல் இதே கேள்வியை நானும் கேட்டேன். அதனால்தான் சிறார் வழக்குகளை எடுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு இதை எழுதுகிறேன். நேரத்துக்குப் போவது, கோப்பைப் படிப்பது போன்றவை உங்களுக்கே தெரியும்.

பெரியவர்களுக்குக் கேட்பதுபோல் ஜாமீன் கேட்பது

அந்தச் சிறுவனுக்கு வயது 15. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தாத்தாவின் பேரன். பூட்டிக்கிடந்த ஒரு பங்களாவில் செம்புக் குழாய்களைத் திருடியதாகப் புகார். பெரியவர்களின் வழக்குகளுக்கு வைத்திருந்த மனுவையே பெயர் மாற்றிக் கொடுத்தேன். "இரண்டு ஜாமீன்தாரர்களை ஆஜர்படுத்தத் தயார்" என்ற வரி அதில் அப்படியே இருந்தது. ஜாமீன் கிடைத்தது. ஜாமீன்தாரர்கள் கிடைக்கவில்லை. சித்தப்பா, மாமா, பக்கத்து லைன்காரர் என்று யாரைக் கேட்டாலும், குடியிருக்கும் வீடு தோட்டத்துடையது.

பதினெட்டு நாட்கள் அவன் சமவெளியிலுள்ள கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் இல்லம்) இருந்தான். அவனைப் பார்க்கத் தாய் இரண்டு முறை மலையிறங்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூலி போனது. அவனுக்கு அரையாண்டுத் தேர்வும் போனது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 12-ஐப் பாருங்கள். குற்றம் ஜாமீனில் விடத்தக்கதோ அல்லவோ, ஜாமீன்தாரருடனோ அவர் இல்லாமலோ சிறாரை விடுவிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடவும் வழியுண்டு. மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்ப நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். 'குற்றம் பெரியது' என்பது அந்த மூன்றில் இல்லை.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஜாமீன் நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகச் சிறாரைக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். மூத்த வழக்கறிஞர் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. மறுநாள் தாயின் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் பையன் வெளியே வந்தான். சட்டப் புத்தகம் அத்தனை நாளும் என் பையில்தான் இருந்தது. இன்றும் நினைத்தால் என்மீதே கோபம் வருகிறது.

ஆகவே முதல் மனுவிலேயே தாய் அல்லது தந்தையின் உறுதிமொழியின் பேரில் விடுவிக்கக் கேளுங்கள். பள்ளி வருகைச் சான்று, ரேஷன் அட்டை நகல், மாலையில் பையனோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்ற விவரம் ஆகியவற்றை இணையுங்கள். வாரந்தோறும் உதகை வந்து கையெழுத்திடும் நிபந்தனைக்குத் தலையாட்டாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு அது வாரம் ஒரு நாள் கூலி.

முகத்தைப் பார்த்து வயதை எழுத விடுவது

மீசை அரும்பியவனெல்லாம் பெரியவன் அல்ல. பிரிவு 94 வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புகளில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் உண்டு. ஆனால் ஓராண்டு பள்ளிக்குப் போயிருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் தேதி இருக்கும். தலைமை ஆசிரியரை அன்றே பாருங்கள். எலும்புப் பரிசோதனைக்கு அவசரப்படாதீர்கள். அதன் கணக்கு இரண்டு ஆண்டுகள் முன்னும் பின்னும் தவறலாம். பதினேழு வயதுப் பையன் காகிதத்தில் பத்தொன்பது ஆகிவிடுவான். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் மனம் தளர வேண்டாம். சிறார் என்ற கோரிக்கையை இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம்.

"ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும்" என்பது

எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

லாக்கப்

ஒரு நிமிடமும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. கூடலூரிலிருந்து மலையேறும் நேரத்தைச் சொல்லித் தாமதத்தை மறைக்க முடியாதபடி, நிலையத்திலிருந்து புறப்பட்ட மணியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படமும் பெயரும்

வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ செய்திகளில் வெளியிடுவதைப் பிரிவு 74 தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்துவிட்டு ஊரின் பெயரைப் போடுகிறார்கள். இருபது வீடுகள் உள்ள ஹட்டியில் (மலைச் சிற்றூரில்), "ஒன்பதாம் வகுப்பு மாணவன்" என்று எழுதினாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.