பர்கண்டி ஒயின் பயணம்: நண்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்கு நண்பர்களாகச் சேர்ந்து ஒயின் சுவைக்கப் போகிறவர்கள் செய்யும் முதன்மையான தவறு, அங்குள்ள ஒயின் தயாரிப்பாளர்களின் வீடுகளைக் கடைகளாக நினைத்துக்கொள்வதுதான். திஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கி, போன் நகரைத் தாண்டி நீளும் அந்தத் திராட்சைத் தோட்டச் சரிவில், பலர் சில ஹெக்டேர் நிலத்தை வைத்துக் குடும்பமாக உழைக்கும் விவசாயிகள். காலையில் திராட்சைக் கொடிகளைக் கத்தரித்துவிட்டு வந்தவரே மாலையில் உங்களுக்கு ஒயின் ஊற்றித் தருவார். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முன்பே எழுதி உறுதி செய்யாமல் எட்டுப் பேராகப் போய் வாசலில் நிற்பது, அவருடைய அன்றைய வேலையைப் பறிப்பதற்குச் சமம். அறுவடை நடக்கும் செப்டம்பரில் பலர் யாரையும் வரவேற்பதில்லை. நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று, 1443இல் நிறுவப்பட்ட போன் மருத்துவமனை தன் சொந்தத் தோட்டங்களின் ஒயினை விற்கும் புகழ்பெற்ற ஏலம் நடப்பதால், அந்த வார இறுதியில் தங்க இடம் கிடைப்பதும் கடினம்.

அடுத்தது, ஒரே நாளில் ஐந்தாறு இடங்களை அடுக்குவது. காலையில் ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று என்பதே நல்ல அளவு என்பேன். பகல் 12 முதல் 2 மணி வரை பெரும்பாலும் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். அதைத் தடையாகக் கருதாமல், நிதானமாகச் சாப்பிட அமைந்த நேரமாகக் கொள்ளுங்கள்.

நிலவறைக்குள் இறங்கியதும் உரிமையாளர் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, சிறிதளவு ஒயினை எடுத்து உங்கள் கிண்ணத்தில் ஊற்றுவார். சிவப்பை முதலில் தந்து, வெள்ளையைப் பின்னால் தரும் வழக்கம் இங்கு பரவலாக உண்டு; மற்ற இடங்களில் வெள்ளைதானே முதலில் என்று திருத்தப் போகாதீர்கள். மீதமிருப்பதைச் சில இடங்களில் மீண்டும் பீப்பாயிலேயே ஊற்றிவிடுவார்கள் என்பதால், கேட்காமல் கீழே கொட்டுவதும் தவறு. வாயிலிருப்பதைத் துப்புவது அநாகரிகம் அன்று. எங்கே துப்பலாம் என்று கேட்டால் ஒரு பாத்திரத்தையோ, தரையிலுள்ள சரளைக் கற்களையோ காட்டுவார்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போனால், உங்களோடு நிற்கும் நண்பர்கள் எல்லோருக்கும் ஒயினின் மணம் கெடும். கோடையிலும் நிலவறை குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

வண்டி ஓட்டுவது யார் என்பதை அன்று காலை பேசி முடிவு செய்யலாம் என்று விட்டுவிடுவது ஆபத்தானது. பிரான்சில் சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 கிராம்தான். திஜோனிலிருந்து போனுக்கு அரை மணிக்குள் ரயிலில் போய்விடலாம். போனிலிருந்து பொமார், மெர்சோ கிராமங்கள் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மிதிவண்டிப் பாதையும் உண்டு. ஆனால் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் அதே 0.5 கிராம் வரம்புதான், எனவே சுவைத்த பின் அதில் ஏறுவதும் தீர்வாகாது. முன்பதிவு செய்த வேனும் ஓட்டுநரும் இருந்தால் குழுவில் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

வோன்-ரொமனே கிராமத்தில், உலகப் புகழ்பெற்ற ஒயின் விளையும் ரொமனே-கோந்தித் தோட்டத்தின் சிலுவையருகே படம் எடுத்துக்கொள்ளலாம். கொடிகளுக்குள் இறங்கக் கூடாது.

பணத்தைப் பற்றிய பேச்சைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு நண்பர் விலையுயர்ந்த கிராண்ட் க்ரூ (மிக உயர்ந்த தரத் தோட்டங்களின் ஒயின்) மட்டுமே வேண்டும் என்றும், மற்றொருவர் சாதாரண பூர்கோஞ் (பகுதியின் பெயரிலேயே விற்கும் அடிப்படை ஒயின்) போதும் என்றும் நிலவறையில் வைத்து வாதிடுவது எல்லோரையும் சங்கடப்படுத்தும். ஒரு மணி நேரம் நமக்காகச் செலவிட்டவரிடம் சில பாட்டில்களாவது வாங்குவதே முறை. வாங்கியவற்றைக் கோடை வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சில மணி நேர வெப்பமே ஒயினைக் கெடுத்துவிடும்.