கோல்ட் ரூம் வேலையில் வேக்கம் முள்ளை நம்பாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக்கடையின் பின்கட்டில், 8க்கு 10 அடியில் கோல்ட் ரூம் போட்டுக் கொடுத்தேன். தயிர், முருங்கைக்காய், வெற்றிலை, தீபாவளி வந்தால் மல்லிகைச் சரம் எல்லாம் 4 டிகிரியில் இருக்க வேண்டும். சாவியைக் கொடுத்த மூன்றாம் நாளே முதலாளி அழைத்தார். "தம்பி, ரூம் 14 காட்டுது. மோட்டார் நின்னு நின்னு ஓடுது." தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா கொடுத்த தயிர் அத்தனையும் அன்று புளித்துப்போனது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். குழாய் வளைக்கவும் பிரேசிங் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. குழாய்

சக்ஷன் குழாய் (குளிரூட்டும் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் குழாய்) கம்ப்ரசரை நோக்கிச் சரிய வேண்டும். மேலே ஏறுகிற இடம் இருந்தால் அடியில் ஒரு ட்ராப் (U வளைவு) வையுங்கள், இல்லையென்றால் ஆயில் திரும்பாது. பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடட்டும். ஓடாவிட்டால் உள்ளே கறுப்பு ஆக்சைடு படிந்து, பிறகு அது உதிர்ந்து எக்ஸ்பேன்ஷன் வால்வின் (காயிலுக்குள் கேஸை அளந்து விடும் வால்வு) சல்லடையை அடைக்கும்.

2. பிரஷர் டெஸ்ட்

ரெகுலேட்டர் போட்டு நைட்ரஜன் மட்டும் ஏற்றுங்கள். ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், அதைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். யூனிட்டின் தகட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. நான் 250 பிஎஸ்ஐ வைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் 243. லீக் இல்லை. மாலையில் 32 டிகிரி இருந்தது, பனி இறங்கிய விடியலில் 24. அந்த 8 டிகிரிக்கு 7 பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. பிரஷரைக் குறிக்கும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் குறித்துவையுங்கள்.

3. வேக்கம்

வேக்கம் என்றால் கேஸ் ஏற்றுமுன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. நான் தவறியது இங்கேதான். பம்பை 40 நிமிடம் ஓட்டினேன், கேஜின் முள் அடியில் 30 அங்குலத்தில் போய் நின்றது, முடிந்தது என்று கேஸ் ஏற்றிவிட்டேன். ஆனால் அந்த முள் நகரும் ஒரே ஒரு அங்குலத்துக்குள் 25,400 மைக்ரான் (வேக்கத்தின் நுண் அளவு, குறையக் குறைய நல்லது) அடங்கியிருக்கிறது. 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்கவே ஏறக்குறைய 24,000 மைக்ரானுக்கு இறங்க வேண்டும். அதாவது முள் கிட்டத்தட்ட அடியைத் தொட்ட பிறகும் குழாய்க்குள் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கலாம். அந்தத் தண்ணீர்தான் எக்ஸ்பேன்ஷன் வால்வில் போய் உறைந்தது.

கண்டுபிடித்தது இப்படி: வெந்நீரில் நனைத்த துணியை வால்வின் மேல் சுற்றினேன். அரை நிமிடத்தில் உள்ளே 'ஸ்ஸ்' என்று சத்தம். சரிந்துகிடந்த சக்ஷன் முள் மேலே ஏறியது. சைட் கிளாஸைத் (குழாயிலுள்ள பார்வைக் கண்ணாடி) துடைத்துப் பார்த்தால், பச்சையாக இருக்க வேண்டிய நடுப்புள்ளி மஞ்சள், அதாவது உள்ளே ஈரம். கேஸை சிலிண்டருக்கு மீட்டெடுத்து, டிரையரை (ஈரம் உறிஞ்சும் வடிகட்டி) மாற்றி, வேலையை முதலிலிருந்து செய்தேன். கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். நான் ஏற்றிய ஆர்404ஏ கேஸின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 3,922 மடங்கு.

இப்போது என் முறை இதுதான். டிஜிட்டல் மைக்ரான் கேஜை பம்புக்குப் பக்கத்தில் மாட்டாமல், குழாயின் தொலைவான முனையில் மாட்டுகிறேன். வால்வ் கோரைக் (சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் ஊசி) கழற்றிவிட்டு, கால் அங்குல ஹோஸுக்குப் பதில் 3/8 அங்குலம் போடுகிறேன். பம்ப் ஆயில் ஒவ்வொரு வேலைக்கும் புதிது. 2,000 மைக்ரான் வந்ததும் உலர்ந்த நைட்ரஜனை லேசாக விட்டு, மறுபடி இழுத்து, இப்படி இரண்டு முறை செய்தபின் 500-க்குக் கீழே இறக்குகிறேன். பிறகு பம்பை அடைத்துவிட்டு 15 நிமிடம் காத்திருப்பேன். மைக்ரான் எண் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். விலையுயர்ந்த மேனிஃபோல்ட் (கேஜ் செட்) பிறகு வாங்கலாம். கையில் பணம் வந்ததும் முதலில் மைக்ரான் கேஜ் வாங்குங்கள்.

4. கேஸ் ஏற்றி ஓட்டுதல்

ஆர்404ஏ ஒரு கலவை, ஆகவே திரவமாகவே ஏற்ற வேண்டும். கம்ப்ரசர் ஆயிலைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரை முந்தைய நாளே போட்டுவையுங்கள். கரண்ட் இணைப்பைப் பதிவுபெற்ற வயர்மேன் செய்யட்டும். ரூம் 4 டிகிரிக்கு வந்து நிலைத்தபோது என் சக்ஷன் 60 பிஎஸ்ஐ, அதாவது காயிலுக்குள் சுமார் -5 டிகிரி. சூப்பர்ஹீட் (கேஸ் ஆவியான பிறகு கூடுதலாக ஏறும் சூடு) 6 டிகிரி. எக்ஸ்பேன்ஷன் வால்வைத் திருகினால் கால் சுற்றுதான், 20 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை

நிபோங் திபாலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணே, 400 மைக்ரான் வந்துச்சு, ஆனாலும் வால்வு உறையுது." விசாரித்தபோது தெரிந்தது, அவர் லிக்விட் லைன் சாலினாய்டைத் (கரண்ட் வந்தால் திறக்கும் வால்வு) திறக்காமலே வேக்கம் போட்டிருக்கிறார். வால்வுக்கு ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் அது மூடியே இருக்கும். சாலினாய்டின் மின்காயிலைக் கழற்றி, அது இருந்த தண்டில் வால்வைத் திறந்துவைக்கும் சாலினாய்டு மேக்னெட்டை மாட்டிவிட்டுப் பம்பைப் போடுங்கள். ரிசீவர் (திரவக் கேஸ் சேரும் தொட்டி) வால்வும் இரு முனைக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மேக்னெட்டை அங்கேயே மறந்துவிடாதீர்கள், கேஸ் ஏற்றுமுன் கழற்றிப் பையில் போடுங்கள்.

இன்னொருவருக்கு ஸ்க்ரோல் கம்ப்ரசர் பெரும் இரைச்சலோடு ஓடியும் குளிரவில்லையாம். மூன்று பேஸ் வரிசை மாறியதால் அது தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. உடனே நிறுத்தி, வயர்மேனிடம் சொல்லி இரண்டு வயர்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.