நண்பர்களோடு காரமான சைனீஸ்: எங்கே தவறுகிறோம்?

சனிக்கிழமை இரவு புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு சின்ன சைனீஸ் கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஒருவர் செஸ்வான் ஃப்ரைடு ரைஸ் சொல்வார். அடுத்தவர் செஸ்வான் நூடுல்ஸ். மூன்றாமவர் டிராகன் சிக்கன், நான்காமவர் சில்லி சிக்கன். கால் மணி நேரத்தில் மேசை முழுக்கச் சிவப்பு.

நாங்களும் பல வருஷம் அப்படித்தான் சாப்பிட்டோம். எங்களில் ஒருவனுக்கு அல்சர். அவன் எதுவும் சொல்லாமல் பாதித் தட்டை ஒதுக்கிவிட்டு, "மத்தியானம் லேட்டாச் சாப்பிட்டேன்டா" என்பான். விஷயம் எங்களுக்குப் புரியவே ரொம்ப நாளாயிற்று. அதனால்தான் ஆளுக்கு ஒரு தட்டு ஆர்டர் செய்வதை முதல் தவறாகச் சொல்கிறேன்.

சீனாவில் பதார்த்தங்கள் மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக வரும். வெறும் சோறு மட்டும் ஆளுக்கு ஒரு கிண்ணம். காரமான ஒன்று, காரமே இல்லாத ஒன்று, ஒரு காய் என்று மாறி மாறி எடுத்துக்கொள்வார்கள். காரக்குழம்புக்குப் பக்கத்தில் கூட்டு வைக்கும் நமக்கு இது புதிதல்ல. நாலு பேருக்கு ஒரு காரமான கிரேவி, ஒரு லெமன் சிக்கன், பூண்டு போட்டு வதக்கிய காய், பிளெயின் ரைஸ், ஒரு எக் நூடுல்ஸ் போதும். சூப்பை ஒன் பை டூ கேட்டு வாங்கலாம். போதவில்லையென்றால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மெனு கார்டைத் திறக்கும் முன்பே, "யாருக்குக் காரம் ஆகாது?" என்று ஒருவர் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்வார்கள், தாங்களாக வாய் திறப்பவர்கள் குறைவு.

"காரம் கம்மியா போடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. செஸ்வான் வகைகளில் காரம் முன்கூட்டியே அரைத்து வதக்கி வைத்த சாஸில் இருக்கிறது. மாஸ்டரால் அந்த சாஸைக் குறைக்கத்தான் முடியும், அதிலிருக்கும் மிளகாயைப் பிரித்தெடுக்க முடியாது. காரம் ஆகாதவருக்கு வேறு பதார்த்தம் சொல்வதே நல்லது.

இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. நம் ஊர் செஸ்வான் என்பது காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வினிகர் சேர்ந்த இந்தியச் சுவை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சமையலில் காரத்தோடு இன்னொன்றும் உண்டு: நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, உண்மையில் அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். கொங்கண் பக்கம் மீன் குழம்பில் போடும் திரிபல் இதற்கு நெருங்கிய சொந்தம். சிச்சுவானில் காரமும் மரத்துப்போவதும் சேர்ந்த இந்த இரட்டைச் சுவைக்கு 'மாலா' என்று பெயர். மா என்றால் மரத்துப்போவது, லா என்றால் காரம். சிச்சுவான் மிளகு போடும் கடைக்குப் போனால் உதடு சுறுசுறுவென்று துடிக்கும். ஒவ்வாமையோ என்று பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் தொண்டை இறுகினாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிச்சுவான் முறையில் வறுத்த கோழியில் குவிந்து கிடக்கும் காய்ந்த மிளகாய் வாசனைக்காகப் போட்டது. அதை ஒதுக்கிவிட்டுக் கறித்துண்டுகளை மட்டும் எடுங்கள். பந்தயம் கட்டி மிளகாயை மெல்லும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் வயிற்றுக்கு அது நல்லதே இல்லை.

வாய் எரிந்தால் எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத்தான் தேடுகிறோம். எரிச்சலைத் தருவது மிளகாயில் உள்ள கேப்சைசின். அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். ஐஸ் தண்ணீர் ஒரு நிமிஷம் ஆறுதல் தரும், அப்புறம் எரிச்சல் திரும்பி வரும். கூல்டிரிங்க்ஸில் இருக்கும் காற்றுக் குமிழி இன்னும் கொஞ்சம் சுருக்கென்று குத்தும். பால், தயிர், லஸ்ஸி இவைதான் வேலை செய்யும். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்கும். ஒரு வாய் வெறும் சோறும் உதவும். பிளெயின் ரைஸை வற்புறுத்திச் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

அஜினோமோட்டோவைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு உப்பை மறந்துவிடுகிறோம். சோயா சாஸ் முழுக்க உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர் கூட இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கும், கோதுமை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். சைவ நண்பர் வந்திருந்தால் சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் சேர்க்கிறார்களா, அதே கடாயில்தான் கோழியும் வதக்குகிறார்களா என்று அவருக்காக நீங்களே கேளுங்கள்.

மிச்சமான ஃப்ரைடு ரைஸை பார்சல் கட்டி, வீட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிவிடக் கூடாது. கடற்கரை ஊரின் வெப்பத்தில் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வேகமாகப் பெருகும். அது விடும் ஒருவகை நச்சு, காலையில் சுடவைத்தாலும் அழியாது. பார்சல் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். கடையை விட்டுக் கிளம்பி பீச் ரோட்டில் ஒரு மணி நேரம் உட்காரும் எண்ணமிருந்தால், பார்சலே வேண்டாம், அளவாக ஆர்டர் செய்து அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.