உடைந்த சேவல் கிண்ணத்தை வீட்டிலேயே ஒட்டி வண்ணம் தீட்டுவது எப்படி?

பினாங்குக்காரர்களுக்குச் சேவல் கிண்ணம் தெரியாமல் இருக்காது. கறுத்த வாலும் சிவந்த உடம்புமாய் ஒரு சேவல், பக்கத்தில் வாழை இலை, ரோஸ் நிறத்தில் ஒரு பெரிய பூ. சீனர் கடைகளில் மீ (நூடுல்ஸ்) சூப் ஊற்றித் தரும் அதே கிண்ணம்தான். ஜெலுத்தோங்கில் எங்கள் பாட்டி அதில் திருநீறு போட்டுச் சாமி மேடையில் வைத்திருந்தார். சேவல் முருகனுடையது, வாழை மங்கலமானது, வேறென்ன வேண்டும் என்பார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மேடையைத் துடைக்கும்போது என் கை பட்டுக் கீழே விழுந்து நான்கு துண்டாகிவிட்டது. உடைந்ததை வீட்டில் வைக்கக்கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாட்டி துண்டுகளை முந்தானையில் பொறுக்கி என்னிடம் கொடுத்து, "ஒட்டிப் பாரும்மா" என்றார்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. ஒட்டிய பாத்திரத்தில் இனிச் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. நாம் பயன்படுத்தும் பசையும் பெயிண்டும் உணவுக்கு ஏற்றவை அல்ல. திருநீற்றுக் கிண்ணம், பூச்சாடி, அலமாரியில் வைக்கும் தட்டு, இப்படிப்பட்டவற்றை மட்டும் எடுங்கள்.

வாங்க வேண்டியவை

இரண்டு குழாய்களாக வரும் எபாக்ஸி பசை, கையால் பிசையும் எபாக்ஸி மாவு, மாஸ்கிங் டேப், அசிட்டோன் (நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகும், வாங்கும்போது அசிட்டோன் உள்ளதா என்று பாருங்கள்), பஞ்சுக் குச்சி, பிளேடு, 240, 400, 800 எண் உப்புத்தாள், அக்ரிலிக் பெயிண்ட், மெல்லிய பிரஷ், பளபளப்பு வார்னிஷ். எல்லாம் ஹார்ட்வேர் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். பழகிப் பார்க்க மலிவான பழைய தட்டு வேண்டுமென்றால் காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போங்கள். முதல் முயற்சியைப் பாட்டியின் கிண்ணத்தில் செய்யாதீர்கள்.

எபாக்ஸியில் 5 நிமிட வகையும் மெதுவாக இறுகும் வகையும் உண்டு. புதியவர்கள் மெதுவானதையே வாங்குங்கள். நம் ஊர்ச் சூட்டில் 5 நிமிடப் பசை இன்னும் சீக்கிரம் இறுகிவிடும், துண்டைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. சூப்பர் குளூவும் வேண்டாம். வைத்த கணமே பிடித்துக்கொள்ளும், கோணலாகப் பிடித்தால் கோணல்தான்.

கழுவிக் காய வைப்பது

உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் அது மண்பாண்ட வகை, சொட்டு அப்படியே நின்றால் நன்கு சுட்ட பீங்கான். இது தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் காய வைப்பது என்பது தெரியும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் விளிம்புகளைத் தேய்த்துக் கழுவுங்கள். பீங்கானுக்கு ஓர் இரவு போதும். மண்பாண்டத்தை இரண்டு மூன்று நாள் விடுங்கள், மழைக்காலமென்றால் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பசை பிடிக்காது. யாராவது முன்பே ஒட்டியிருந்தால் பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் அருகில் வேண்டாம்.

பசை இல்லாமல் ஒருமுறை

இந்தக் கட்டத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். என் முதல் தட்டு பாழானதும் இதனால்தான். மூன்று துண்டை ஒட்டி இறுகவிட்டேன். நான்காவதை வைக்கப் போனால் வாய் குறுகிப் போய் உள்ளே நுழையவே இல்லை. ஒவ்வொரு ஒட்டிலும் ஏற்பட்ட மயிரிழை விலகல்கள் சேர்ந்து கடைசித் துண்டுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன.

அதனால் துண்டுகளுக்குப் பின்பக்கம் சிறு டேப் ஒட்டி எண் போடுங்கள். பசையே இல்லாமல் முழுக் கிண்ணத்தையும் டேப்பால் கட்டிப் பாருங்கள். டேப்பை விரிசலுக்குக் குறுக்கே, ஒரு முனையை அழுத்தி, இழுத்து, மறுபக்கம் ஒட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரிசலின் மேல் நகத்தை இங்குமங்கும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் நகத்தில் தட்டும். தட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். எந்த வரிசையில் வைத்தால் கடைசித் துண்டு தடையில்லாமல் இறங்குகிறது என்று கண்டுபிடித்து எழுதி வையுங்கள். எனக்கு இதற்கு மட்டும் ஒரு மணி நேரமானது.

ஒட்டுவது

இரு குழாயிலிருந்தும் சம அளவு பிழிந்து, பல்குத்தும் குச்சியால் இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் துண்டுகள் நெருங்காமல் விரிசல் தடித்துவிடும். எழுதி வைத்த வரிசைப்படி எல்லாத் துண்டுகளையும் ஒரே அமர்வில் சேர்த்து, டேப் போட்டு, திரும்பவும் நகத்தால் பாருங்கள். பசை இளக்கமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கிக்கொள்ளலாம்.

பிதுங்கிய பசையை உடனே அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். விட்டுப்போனதைச் சில மணி நேரம் கழித்து, ரப்பர் பதத்தில் இருக்கும்போது பிளேடால் சீவலாம். ஒரு பாத்திரத்தில் அரிசி கொட்டி, ஒட்டுப் போட்ட பக்கம் மேலே இருக்க, மேல்துண்டின் எடை நேராகக் கீழே இறங்கும்படி கிண்ணத்தைப் புதைத்து வையுங்கள். 24 மணி நேரம் தொடக்கூடாது. அந்த அரிசியைச் சமைக்க வேண்டாம்.

சில்லு போன இடம்

எபாக்ஸி மாவை நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, பள்ளத்தில் அழுத்தி, ஈர விரலால் நீவிவிடுங்கள். கொஞ்சம் மேடாகவே இருக்கட்டும். மறுநாள் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு 240, 400, 800 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். டேப் இல்லாவிட்டால் நல்ல பளபளப்பும் கீறிப்போகும். பழைய பாத்திரங்களின் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், ஆகவே காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்ணம்

பீங்கானின் வெள்ளை சுத்த வெள்ளை கிடையாது. குழாயிலிருந்து எடுத்த வெள்ளையை அப்படியே பூசினால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். வெள்ளையில் குண்டூசி முனையளவு காவி மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் சேர்த்துப் பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், அதனால் கலவை சற்று வெளிறியே இருக்கட்டும். கிண்ணத்தின் அடியில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப் லைட்டில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு ஏழாவது பொட்டில்தான் நிறம் சேர்ந்தது.

பூசும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. வெள்ளை அமைந்தபின் படம். எங்கள் சேவலுக்கு வாலில் பாதி போயிருந்தது. அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வரைந்தேன். அசல் சேவலின் வால் ஒரே இழுப்பில் போட்ட நான்கைந்து கோடுகள்தான். வேகமாகத் தீட்டிப் பழகிய கை அது. மெல்ல மெல்ல வரைந்தால் அந்த உயிர் வராது. தாளில் பத்துமுறை இழுத்துப் பழகிவிட்டு, கிண்ணத்தில் ஒரே வீச்சில் இழுங்கள். தவறினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். ஒரு நாள் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு.

உடையாத வெள்ளைக் கோப்பையில் படம் தீட்ட விரும்புகிறவர்களுக்கு அவன் (oven) அடுப்பில் சுடும் பீங்கான் பெயிண்ட் இருக்கிறது. நான் வாங்கும் வகையை 24 மணி நேரம் காயவிட்டு, 150 டிகிரியில் 35 நிமிடம் சுட வேண்டும். உங்கள் பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். குளிர்ந்த அவனில் வைத்துச் சூடேற்றி, உள்ளேயே ஆறவிட்டால் விரிசல் விடாது. எபாக்ஸியில் ஒட்டிய எதையும் அவனில் வைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

ஒட்டுத் தெரியுமே என்று தயங்குகிறவர்கள் ஒருமுறை ஜார்ஜ் டவுனின் கேனன் சதுக்கத்துக்குப் போய், கூ கொங்சி என்ற சீனக் குலச் சங்க மாளிகையின் கூரையை அண்ணாந்து பாருங்கள். அங்குள்ள கடவுளர், பறவை, பூ எல்லாம் வண்ணக் கிண்ணங்களை வேண்டுமென்றே நறுக்கி, அந்தச் சில்லுகளைப் பதித்துச் செய்தவை. லீத் தெருவின் நீல மாளிகையிலும் அதே வேலைப்பாடு உண்டு.

எங்கள் கிண்ணம் மேடைக்குத் திரும்பிவிட்டது. சேவலின் கழுத்தருகே ஒரு கோடு கிட்டப் பார்த்தால் தெரியும். தண்ணீரில் ஊறவைப்பதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும் இரண்டு சாண் தள்ளி வைத்திருக்கிறேன், சூடு படக்கூடாதே.