காசில்லாக் கொடுப்பனவுக்கு வீட்டையும் கடையையும் ஆயத்தப்படுத்துவது எப்படி: திருகோணமலை மக்களுக்கான வழிகாட்டி

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூ.ஆர். முறை வந்தபோதுதான் திருகோணமலையில் பலர் அத்தகைய குறியீடொன்றை முதன்முதலாகத் தம் கையில் வைத்திருந்தார்கள். இணைய வசதியுள்ள கைத்தொலைபேசி இல்லாதவர்கள் அதைத் தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பதிவு செய்யத் தெரியாத முதியவர்களுக்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் பதிந்து கொடுத்தார்கள். அந்தப் பங்கீடு 2023இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே போன்ற சதுரக் குறியீடு இன்று மருந்துக்கடை மேசையிலும் உப்புவெளி விடுதிகளின் வரவேற்பு மேசையிலும் இருக்கிறது.

இலங்கை மத்திய வங்கி வகுத்த லங்கா கியூ.ஆர். நியமத்தின்படி அமைந்த ஒரே குறியீட்டுக்கு, அந்த முறையில் இணைந்துள்ள எந்த வங்கியின் செயலியாலும் பணம் செலுத்தலாம். 2025 பெப்ரவரியில் கொவ்பே என்ற அரசின் இணையக் கொடுப்பனவுத் தளம் தொடங்கிவைக்கப்பட்டதன் பின்னர் அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளும் ஒவ்வொன்றாக இணையத்துக்கு வருகின்றன. வங்கிக் காசாளரின் வேலையில் ஒரு பகுதியைக் காசு வைப்பு இயந்திரமும், தொலைபேசியில் பதில் சொன்ன ஊழியரின் வேலையில் ஒரு பகுதியைப் பதிவுசெய்த குரலும் எடுத்துக்கொண்டுவிட்டன. இந்த மாற்றம் நின்றுவிடும் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதை எந்த ஒழுங்கில், எவ்வளவு தூரம் ஏற்றுக்கொள்வது என்பதையும், காசைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் கடை வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்படாமல் இருப்பதை எப்படி உறுதிசெய்வது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். கீழே எழுதியிருப்பவை யாவும் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

வீட்டில் தொடங்குங்கள்

செயலியைத் தரவிறக்குவதற்கு முன்னர் வங்கியில் இரண்டாவது கணக்கொன்றைத் திறவுங்கள். சம்பளமும் சேமிப்பும் பழைய கணக்கில் இருக்கட்டும். ஒரு வாரச் செலவுக்கான பணத்தை மட்டும் புதிய கணக்குக்கு மாற்றி, கைத்தொலைபேசிச் செயலியை அந்தக் கணக்கோடு மாத்திரம் இணையுங்கள். தொலைபேசி தொலைந்தாலோ, யாராவது ஏமாற்றி இரகசிய இலக்கத்தை வாங்கிவிட்டாலோ, இழப்பு அந்த ஒரு வாரச் செலவோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்றம் 2015 முதல் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. சில நொடிகளில் பணம் போய்ச் சேர்வது எவ்வளவு வசதியோ, பிழையான கணக்குக்குப் போனால் அதைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சிரமம். ஆகவே புதிதாக ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்பும்போது முதலில் 100 ரூபாவை அனுப்பி, அவரைத் தொலைபேசியில் அழைத்து, வந்துவிட்டது என்று அவர் வாயால் கேட்ட பின்னரே மீதியை அனுப்புங்கள்.

கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் போலவே, அதனுடன் இணைந்த தொலைபேசி இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது என்பதும் முக்கியமானது. நம் ஊரில் மனைவியின் கணக்குக்குக் கணவனின் இலக்கமும், தாயின் கணக்குக்கு வெளிநாட்டிலிருக்கும் மகனின் பெயரில் எடுத்த சிம் அட்டையும் கொடுக்கப்பட்டிருப்பது வழமை. சீட்டுக் காசிலும் தையல் வருமானத்திலும் மிச்சம் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் அலுமாரிக்குள் வைத்திருந்த பணம்தான் எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளையின் பரீட்சைக் கட்டணமாகவும், வீட்டில் இருக்க முடியாத நாளில் தாய்வீட்டுக்குப் போகும் பஸ் காசாகவும் இருந்திருக்கிறது. அந்தப் பணம் கணக்குக்குப் போய், ஒவ்வொரு வரவும் செலவும் இன்னொருவரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாகச் செல்லுமானால், அந்தப் பெண் தன் கையிலிருந்த ஒரே பாதுகாப்பை இழக்கிறாள். காசில்லாச் சமூகத்தைப் பற்றிய பேச்சில் இது போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் கருத்து. பெண்கள் தமது தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோய்த் தமது பெயரிலேயே சிம் அட்டை எடுத்து, வங்கிக் கிளைக்கு நேரில் சென்று அந்த இலக்கத்தைக் கணக்குடன் இணைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்து முடிக்கும் வரை அலுமாரிக் காசை அலுமாரியிலேயே வைத்திருப்பது நல்லது.

கடையில் குறியீட்டை வைக்கும்போது

வங்கியிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு விற்பனையிலும் வங்கி எத்தனை சதவீதம் கழிக்கும், பணம் அன்றே கணக்குக்கு வருமா மறுநாள் வருமா, பணம் வந்த செய்தி எந்த இலக்கத்துக்கு வரும். இரண்டாவது கேள்வியைச் சிறு கடைக்காரர்கள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி கொண்டுவரும் லொறிக்காரர் விடியற்காலையில் கையில் காசு கேட்பார். நேற்றைய விற்பனையில் பாதி வங்கியில் இருந்தால் அந்த நேரத்தில் ஏ.டி.எம். இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டிவரும். உங்களுக்குச் சரக்குக் கொண்டுவந்து தருபவரிடமும் கணக்கிலக்கம் கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதிக்கும் அளவுக்கு ஏற்பவே உங்கள் கியூ.ஆர். விற்பனையையும் வளரவிடுங்கள்.

காலையில் கடை திறந்ததும் உங்கள் குறியீட்டை உங்கள் தொலைபேசியாலேயே ஸ்கேன் செய்து, திரையில் உங்கள் கடையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். குறியீட்டின் மேல் வேறொருவரின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இந்த அரை நிமிடம் போதும். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை வைத்துப் பொருளைக் கொடுக்க வேண்டாம்.

"அண்ணன், காசு போட்டுட்டன், இந்தா பாருங்க."

"கொஞ்சம் பொறுங்க தம்பி, எனக்கும் மெசேஜ் வரட்டும்."

இப்படிச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிப் பழக்குங்கள். பணம் வந்த செய்தி உரிமையாளரின் தொலைபேசிக்கு மட்டும் வந்து, அவர் கிண்ணியாவுக்குப் போயிருந்தால், கடையில் நிற்பவர் ஒவ்வொரு தடவையும் அவரை அழைத்துக் கேட்க வேண்டியிருக்கும். எனவே கடையில் இருக்கும் தொலைபேசிக்கும் செய்தி வர ஏற்பாடு செய்யுங்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் தங்குமிடம் நடத்துபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறையான யூ.பி.ஐ. இலங்கையில் செயற்படுவதால், கோணேஸ்வரத்துக்கு வரும் இந்திய யாத்திரிகர்கள் தமது நாட்டுச் செயலியாலேயே இங்குள்ள லங்கா கியூ.ஆர். குறியீட்டுக்குப் பணம் செலுத்தலாம். உங்கள் குறியீட்டுக்கு அது இயக்கப்பட்டுள்ளதா என்று வங்கியிடம் கேளுங்கள்.

கடன் கொப்பியைக் கைவிடாதீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் மீனவக் குடும்பங்களின் அரிசியும் மாவும் பால்மாவும் கடைக்காரரின் கொப்பியிலிருந்தே வருகின்றன. மாசி, பங்குனியில் கடல் திறந்ததும் கடன் கொஞ்சங் கொஞ்சமாக அடைபடும். இந்தக் குடும்பம் கொடுக்கும் என்று கடைக்காரர் எடுக்கும் தீர்மானத்தை எந்த இயந்திரமும் எடுப்பதில்லை. பில் போடும் கணினியை மட்டும் நம்பி நடக்கும் பெரிய அங்காடியில் பணம் செலுத்தாமல் ஒரு பைக்கற் பிஸ்கட்டும் வெளியே வராது. சிறு கடையும் அந்த வழிக்குப் போகுமானால், மாரி காலத்தில் அந்தக் குடும்பங்கள் அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் செயலிகளிடமும் நுண்கடன்காரர்களிடமும் போக நேரிடும். நுண்கடனால் நம் மாகாணத்துப் பெண்கள் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே கணினி வாங்கினாலும் அதில் கடன் விற்பனையைப் பதியும் வசதி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கடையில் ஒரு கொப்பியும் வாடிக்கையாளர் கையில் ஒரு சிறு கொப்பியுமாக இரண்டு பதிவுகள் இருக்கட்டும். கியூ.ஆர். மூலம் கடன் தொகையில் ஒரு பகுதி வந்தால், திகதியையும் தொகையையும் இரண்டிலும் அவருக்கு முன்னாலேயே எழுதுங்கள். செயலியில் வந்துவிட்டதே என்று எழுதாமல் விடுவதால்தான் பின்னர் மனக்கசப்பு உண்டாகிறது.

மீனவக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில் வங்கிக் கடன்களின் வரலாறு பதிவாகிறது. கடைக் கொப்பியின் நாணயம் அங்கே பதிவாவதில்லை. எத்தனை ஆண்டுகள் ஒழுங்காகக் கடன் அடைத்திருந்தாலும் வங்கியில் அதற்கு ஒரு துண்டுத் தாள் ஆதாரமும் இராது. மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதியையாவது மீன் வாங்கும் முதலாளியிடம் கேட்டுக் கணக்குக்கு வாங்கினால், ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கணக்கு அறிக்கையே வருமானத்துக்குச் சான்றாக நிற்கும். காசில்லாக் கொடுப்பனவால் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கைக்காசை வைத்திருங்கள்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல பகுதிகளில் மின்சாரத்துடன் தொலைத்தொடர்பும் அறுந்தது. இத்தகைய நேரங்களில் ஏ.டி.எம். இயந்திரம் வேலை செய்யும் என்றோ, தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலம் தாக்குப்பிடிக்கும் என்றோ நம்பியிருக்க முடியாது. காசைப் பெருமளவு கைவிட்ட சுவீடனிலேயே 2024 நவம்பரில் வீடுகளுக்கு அனுப்பப்பட்ட அரசின் நெருக்கடிக் கையேடு, குறைந்தது ஒரு வாரத்துக்கான காசை வெவ்வேறு பெறுமதித் தாள்களாக வீட்டில் வைத்திருக்கும்படி சொல்கிறது.

நாமும் அவ்வாறே ஒரு வாரத்துக்கான சாப்பாடு, மருந்து, பயணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அந்தத் தொகையை 100, 500 ரூபாய்த் தாள்களாக, தண்ணீர் புகாத பையிலிட்டு, அடையாள அட்டைகளுடன் சேர்த்து வைக்க வேண்டும். 5000 ரூபாய்த் தாளை வைக்காதீர்கள். வெள்ள நேரத்தில் அதற்கு மாற்றுக்காசு கொடுக்க யாரிடமும் இராது. மாரி தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் மாதத்திலேயே இதைச் செய்து முடியுங்கள்.

முதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தல்

2023 முதல் நடைமுறையிலுள்ள அரசின் அஸ்வெசும நலன்புரி உதவித்தொகை வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதை எடுக்கப் போகும் அம்மம்மாமார் அட்டையையும் இரகசிய இலக்கம் எழுதிய துண்டையும் ஒன்றாகவே பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவதை ஏ.டி.எம். வாசல்களில் காணலாம். "மகன், காசு விழுந்திட்டா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்று அவர் கேட்கும்போது நாமே அட்டையை வாங்கி எடுத்துக் கொடுப்பது விரைவான வேலைதான். ஆனால் அடுத்த மாதம் நம்முடைய இடத்தில் யார் நிற்பார் என்று நமக்குத் தெரியாது. "நீங்களே அழுத்துங்க அம்மம்மா, நான் பக்கத்துல நிக்கிறன்" என்று சொல்லி, ஐந்து நிமிடம் நிற்பதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

வீட்டிலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் திரைகளின் ஒழுங்கை எழுதுங்கள்: அட்டையை எந்தப் பக்கமாகச் செருகுவது, தமிழ் என்ற தெரிவை எங்கே அழுத்துவது, இலக்கத்தை மறுகையால் மறைத்து அழுத்துவது, தொகை, பற்றுச்சீட்டு, அட்டையைத் திரும்ப எடுப்பது. கிளை திறந்திருக்கும் காலை நேரத்தில் கூட்டிப் போங்கள். அட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் அப்போதே கேட்க ஊழியர் இருப்பார். முதல் தடவை மீதியை மட்டும் பார்க்கட்டும். அடுத்த தடவை 1000 ரூபாய் எடுக்கட்டும். அவசரப்படுத்தினால் பயம்தான் மிஞ்சும்.

இரகசிய இலக்கத்தைக் கேட்டு வங்கியிலிருந்து எவரும் அழைக்க மாட்டார்கள் என்பதையும், பணம் பெறுவதற்கு இரகசிய இலக்கமோ குறுஞ்செய்தியில் வரும், ஒருமுறை மட்டும் பயன்படும் ஓ.டி.பி. இலக்கமோ கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பரிசு விழுந்தது, வெளிநாட்டுப் பொதி வந்தது என்று நல்ல தமிழிலும் அழைப்பு வரும். கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் திட்டுவதற்கு முன்னர் அட்டையின் பின்பக்கத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சங்கத்திலும் அலுவலகத்திலும்

மத்திய வங்கி வெளியிடும் நாணயத்தாளும் நாணயமும் சட்டப்படி செல்லுபடியாகும் பணம். மரண உதவிச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவை சந்தாவைக் கணக்குக்கு வாங்கத் தொடங்கும்போது, காசாகக் கொடுப்பவரிடமும் சந்தா வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கப்படும் என்று கூட்ட அறிக்கையிலேயே பதிந்துகொள்ளுங்கள். சங்கக் கணக்கின் குறியீடு பொருளாளரின் சொந்தக் கணக்கினுடையதாக இருக்கக் கூடாது.

அரச அலுவலகமொன்று காசு வாங்கும் கரும்பீடத்தை மூடிவிட்டதாகச் சொன்னால், அதற்கான சுற்றறிக்கை எது, இணைய வசதியில்லாதவர்களுக்குச் செய்யப்பட்ட மாற்று ஏற்பாடு எது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இயந்திரத்தின் திரையிலோ இணையத்தளத்திலோ தமிழ் இல்லாவிட்டால், அந்தத் திரையைப் படமெடுத்து, அலுவலகத்தின் பெயரும் திகதியும் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். தனியொருவராக அனுப்புவதைவிட ஊர்ச் சங்கத்தின் கடிதத் தலைப்பில், பலர் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றைச் செயலாளரிடம் வைத்துக்கொள்வது பலன் தரும்.