செத்தவர் நடமாடும் நாவலை எழுதுவது எப்படி?

மறு உலகைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் மூடுபனியையும் ஒளிவெள்ளத்தையும் வர்ணிக்கப் போய்விடுகிறார்கள். அதைத் தள்ளிவையுங்கள். செத்தவரால் என்னவெல்லாம் முடியாது என்பதை முதலில் எழுதுங்கள். மூன்று விதி போதும். ஐந்தைத் தாண்டினால் உங்களுக்கே மறந்துவிடும்.

தமிழ்க் கிராமத்துக் கதையென்றால் விதிகள் இழவு வீட்டிலேயே கிடக்கின்றன. பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். சுடுகாட்டில் அதை அவிழ்க்க மறந்தார்கள் என்று வையுங்கள்: உங்கள் ஆள் நாவல் முழுக்கத் தத்தித்தான் நடப்பார். நெற்றியில் வைத்த ஒரு ரூபாய்தான் அவர் கையிருப்பு. பதினாறாம் நாள் கருமாதி, அதுவரைதான் கெடு. சடங்குகள் வட்டாரத்துக்கும் சாதிக்கும் தக்க மாறும். இரண்டு ஊர் வழக்கைக் கலந்தால் உள்ளூர்க்காரர் உடனே பிடித்துவிடுவார்.

செத்தவருக்கு எல்லாம் கேட்கும் என்று வைத்தால் கதையில் முடிச்சே இருக்காது. தன் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்களின் பேச்சு மட்டுமே கேட்கும் என்று வைத்துப்பாருங்கள். பழைய தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. ஊரார் பேசுவது, கடன்காரன் திட்டுவது எல்லாம் கேட்கும். மனைவி அழுவது மட்டும் கேட்காது. நாவலுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது தொனி. ‘செத்துப்போன மாமா திண்ணையில் இருப்பதைக் கண்டு அவள் உறைந்துபோனாள்’ என்று எழுதினால் அது பேய்க்கதை. இப்படி எழுதலாம்:

‘மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா திண்ணைக்கு வந்தார். வேட்டியெல்லாம் சாம்பல். “இருந்த பாலெல்லாம் காலையில உங்களுக்குத்தான் தெளிச்சாச்சு, கடுங்காப்பிதான் இருக்கு” என்றாள் அத்தை.’

யாரும் வியக்கவில்லை, யாரும் விளக்கவில்லை. பால் தெளிப்பு நிஜம், பால் தீர்ந்ததும் நிஜம். அந்த இரண்டின் பலத்தில்தான் மாமாவை நம்புகிறோம். மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் ‘பெத்ரோ பாராமோ’ நாவலில் (1955) கோமாலா என்ற ஊரின் வெக்கையைச் சொல்ல ஒரு வரி வரும்: அங்கே செத்து நரகத்துக்குப் போகிறவர்கள் போர்வை எடுக்கத் திரும்பி வருகிறார்களாம். சாதாரணப் பேச்சாக வரும் அந்த வரிதான் பின்னால் வரப்போகும் பிணங்களுக்கெல்லாம் வாசல் திறந்துவிடுகிறது. கதைசொல்லியே இறந்துகிடப்பது நமக்குத் தெரியவருவது பாதி நாவலுக்குப் பிறகு.

குறியீட்டுக்கு ஒரே ஒரு பொருளை எடுங்கள். கொள்ளிக்குடம் என்றால், முதலில் அது வெறும் மண்குடமாகத் தண்ணீர் சுமக்கட்டும். பிறகு சுடுகாட்டில், சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை. அப்புறம் அதன் ஓட்டுச்சில்லு ஒரு பிள்ளையின் பாண்டி விளையாட்டில். அறுபதாயிரம் சொல் நாவலில் நான்கைந்து இடம் தாராளம்; ஒவ்வொரு இடத்திலும் அதற்கு வேறு வேலை இருக்க வேண்டும். அதன் பொருளை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. காக்கையைத் தவிர்த்துவிடலாம், தமிழில் அது பறந்து களைத்துவிட்டது.

கடைசி அத்தியாயத்தில் வசதிக்காக விதியை மீறுவதும், எல்லாம் கனவென்று முடிப்பதும் வாசகரை ஏய்ப்பது. கால்விரல் கட்டு அவிழ வேண்டுமென்றால் அவிழ்க்கிற கை யாருடையது என்று நடுவிலேயே காட்டிவிடுங்கள். திருத்தும்போது ‘மர்மமான’, ‘அமானுஷ்யமான’, ‘திடீரென்று’ மூன்றையும் தேடி வெட்டுங்கள். வெட்டியதும் வாக்கியம் செத்தால் அந்தக் காட்சியையே மறுபடி எழுத வேண்டும்.